மாணவர்க்குச் சதங்கை கட்டிய பேராசிரியர்

பாடசாலைப் பரிசளிப்பு விழாவன்று மேடைக்குப் பின்னால் நின்ற அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. முகத்தில் அரிதாரம். தலையில் கடதாசியிற் செய்து மினுக்கு ஒட்டிய முடி. திரைக்கு அப்பால் ஊர் முழுவதும் திரண்டிருக்கும் இரைச்சல். தொண்டை வரண்டு போகும். பாடமாக்கிய வசனம் எல்லாம் மறந்தது போலத் தோன்றும். திரை விலகும். எப்படியோ முதற் சொல் வாயிலிருந்து வந்துவிடும். அதன் பின்னர் அந்தப் பிள்ளை பழைய பிள்ளையாக வீடு திரும்புவதில்லை.

ஆயினும் நமது யாழ்ப்பாணத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு கேள்வி இருந்து வருகின்றது. நாடகம், கூத்து என்று திரிந்தாற் படிப்புக் கெட்டுப் போகாதா? கல்வியையே முதலாகக் கொண்ட சமுதாயத்திற் பெற்றோர் இவ்வாறு அஞ்சுவது இயல்பே. இக்கேள்விக்கு வாதத்தினால் விடை சொல்வதிலும் ஒருவருடைய வாழ்க்கையினால் விடை சொல்வது நன்று என்று நாம் எண்ணினோம். ஆதலால், இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராய் விளங்கியவரும், கிராமத்து அண்ணாவிமாரைத் தம் மாணவர்க்கு ஆசிரியராக்கியவருமான பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் வரலாற்றை இம்மலரில் எழுதுகின்றோம்.

பிறந்த மண்ணும் அன்றைய மேடையும்

வலிகாமம் வடக்கிலே தெல்லிப்பழையைச் சேர்ந்த வீமன்காமம் என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி வித்தியானந்தன் பிறந்தார். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நகுலேஸ்வரமும் அயலிலே உள்ள செம்மண் பூமி அது. கோயிலும் பள்ளிக்கூடமும் தோட்டமுமே அக்காலத்து வாழ்க்கையின் எல்லைகள்.

அவர் சிறுவராயிருந்த காலத்து யாழ்ப்பாணத்தில் நாடகம் இரண்டு வீடுகளிற் குடியிருந்தது. கிராமத்துக் கோயில் வெளிகளில் விடிய விடியக் கூத்து நடந்தது. காத்தவராயன் கூத்துக்கும், தமிழகத்து நாடகக் குழுக்களின் வழியாக வந்த இசை நாடகத்துக்கும் பாய் கொண்டுபோய் விரித்து இருந்து பார்க்கும் பெருங்கூட்டம் இருந்தது. மறுபுறத்திலே, பம்மல் சம்பந்த முதலியாரைப் பின்பற்றிப் படித்தவர்கள் சபைகள் அமைத்து மேடை நாடகம் ஆடினர். கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் இத்துறையிற் பெரும் புகழ் பெற்றவர். கல்லூரிகளிலோ ஆங்கில நாடகங்களுக்கே மதிப்பு இருந்தது.

இவ்விரு வீடுகளுக்கும் இடையில் ஒரு மதில் நின்றது. ஆங்கிலம் படித்த பிள்ளை கூத்துப் பார்க்கப் போனாலும் அதை வெளியிற் சொல்லக் கூசினான். கூத்தாடி என்பது வசைச் சொல்லாயிருந்தது. கூத்தை உயிராகக் காத்து வந்தவர்களிற் பலர் ஏழைகள்; சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரும் அவர்களிடையே இருந்தனர். அவர்களின் கலையைப் பார்த்து மகிழ்ந்த ஊர், அவர்களைக் கலைஞர் என்று அழைக்கவில்லை. வித்தியானந்தனின் வாழ்க்கைப் பணியை விளங்கிக்கொள்வதற்கு இந்த மதிலை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு குருமார்

1941இல் அவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே தமிழ் கற்றபோது இருபெரும் ஆசிரியர் அவருக்கு வாய்த்தனர்.

ஒருவர் 1943இல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சுவாமி விபுலாநந்தர். கூத்துச் செழித்த மட்டக்களப்பு மண்ணின் காரைதீவிலே பிறந்த சுவாமிகள், 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நூலில் நாடக இலக்கணத்தையும் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தவர். துறவி ஒருவர் நாடகத்துக்கு நூல் எழுதினார் என்பதை, நாடகம் மனத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

மற்றவர் வடமராட்சிப் புலோலியிலே 1903இற் பிறந்த க. கணபதிப்பிள்ளை. சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று வந்த இந்த அறிஞர், பல்கலைக்கழக மாணவர் நடிப்பதற்கென்றே நாடகங்கள் எழுதினார். 1940இல் வெளிவந்த நானாடகம் என்னும் தொகுதி அவற்றின் முதல் விளைவு. அந்நாடகங்களில் வந்தவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். பேசியது யாழ்ப்பாணத்துப் பேச்சு.

இதன் பெறுமதியை இன்று உணர்வது சற்றுக் கடினம். அக்காலத்து மேடையில் அரசனும் அமைச்சனும் செந்தமிழில் நீட்டி முழக்குவர். ஊர்ப் பேச்சோ அடுக்களைக்கும் சந்தைக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்தது. கொழும்புக்குப் படிக்க வந்த கிராமத்துப் பிள்ளை, தன் பேச்சைக் கேட்டு மற்றவர் சிரிப்பரோ என்று நாவை அடக்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றி, அதன் தாய் பேசும் தமிழையே பேசுவித்து, மண்டபம் முழுவதையும் உற்றுக் கேட்க வைத்தார் கணபதிப்பிள்ளை. தன் நாவைக் குறித்த கூச்சம் நீங்கிய மாணவனுக்கு நிமிர்ந்து நிற்க வேறு உபதேசம் வேண்டியதில்லை. இந்தச் சூழலிலே வித்தியானந்தன் வளர்ந்தார்.

1944இற் பட்டம் பெற்று, 1946இல் முதுகலைமாணியாகி, அவ்வாண்டிலேயே விரிவுரையாளர் ஆனார். பின்னர் இலண்டன் சென்று பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இற் கலாநிதியாகத் திரும்பினார். 1954இல் தமிழர் சால்பு என்னும் நூலை வெளியிட்டார். சங்ககாலத் தமிழரின் வாழ்வைக் கூறும் இந்நூல் அவருக்கு ஆராய்ச்சியாளர் என்ற பெயரை நிலைநாட்டியது. நூலகத்தில் இருந்தே புகழோடு வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவரோ பேராதனையில் மாலை வேளைகளில் மாணவரைக் கூட்டி ஒத்திகை நடத்தினார். தம் குருவின் உடையார் மிடுக்கு முதலிய நாடகங்களை 1950களிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்காக நெறிப்படுத்தி மேடையேற்றினார்.

மனமே தந்த விழிப்பு

1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரா மனமே என்னும் சிங்கள நாடகத்தைக் கொழும்பில் அரங்கேற்றினார். சிங்களக் கிராமங்களில் வழங்கிய நாடகம என்னும் ஆடல் பாடல் வடிவத்தை எடுத்து, படித்தோரும் வியக்கும் வண்ணம் செப்பஞ் செய்திருந்தார். நாடே பாராட்டியது. அந்தச் சிங்கள வடிவமோ மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரின் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது அறிஞர் முடிபு. நம் வீட்டு விதை அயல் வீட்டுத் தோட்டத்தில் மரமாகிப் பூத்து நின்றது. நம் வளவிலோ அது தண்ணீரின்றி வாடியது. அதே ஆண்டிற் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. தமது மொழிக்கும் பண்பாட்டுக்கும் யாது கதி என்று தமிழர் கலங்கியிருந்த வேளை அது.

1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைமைப் பொறுப்பு வித்தியானந்தனிடம் வந்தது. அப்பதவியை அவர் கொழும்புக் கூட்டங்களோடு முடித்துவிடவில்லை. மட்டக்களப்பு, மன்னார், வன்னி, யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராகச் சென்றார். அண்ணாவிமாரைத் தேடிக் கண்டார். அவர்களைக் கூட்டிக் கருத்தரங்குகள் நடத்தினார். மேடையிலே பொன்னாடை போர்த்தினார். ஏட்டிலும் வாயிலும் இருந்த கூத்துக்களைப் பதிப்பித்து அச்சேற்றினார். மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகத்தோடு மன்னார்க் கத்தோலிக்கரின் மூவிராசர் நாடகமும் அவர் பதிப்பாக வந்தது. சைவக் குடியிற் பிறந்த பேராசிரியர் கிறித்தவக் கூத்தையும் நம்முடையதென்று அணைத்துக்கொண்டார்.

பாடசாலைக்குள் நுழைந்த மத்தளம்

இவை யாவற்றிலும் நம் உள்ளத்தை மிகக் கவர்வது, பாடசாலைகளுக்கிடையே அவர் நடத்துவித்த கூத்துப் போட்டிகளாகும். ஒரு கூத்து, ஒரு போட்டி என்று சொல்லும்போது இது சிறு காரியமாகவே படும். ஆனால் ஒரு பாடசாலை கூத்துப் போட்டிக்கு ஆயத்தமாவது எப்படி என்று எண்ணிப் பாருங்கள்.

கூத்துப் பழக்க ஆசிரியர்களாற் பெரும்பாலும் முடியாது. ஆகவே அவர்கள் அண்ணாவியாரின் வீடு தேடிப் போக வேண்டும். அதுவரை பாடசாலை வாயிலை மிதித்தறியாத கிழவர் ஒருவர் மத்தளத்தைத் தோளிற் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். பிள்ளைகள் எழுந்து வணங்குவர். தாளக்கட்டை அவர் வாயாற் சொல்லப் பிள்ளைகள் காலாற் சொல்ல வேண்டும். கணக்கிற் கெட்டிக்காரன் கால் பிசகி நிற்பான். எந்தப் பரீட்சையிலும் கடைசியாய் வருபவன், தன் பாட்டனிடம் கண்டு பழகிய ஆட்டத்தை மிடுக்கோடு ஆடி முன் வரிசைக்கு வருவான். அன்று வகுப்பிலே யார் பெரியவன், யார் சிறியவன் என்ற கணக்கே புரண்டுவிடும். ஊர் ஒதுக்கி வைத்த மனிதர் குருவாகிறார். உயர்ந்தோம் என்று எண்ணியிருந்தவர் அவர் முன் மாணவராகிறார். நாம் முன்னே சொன்ன மதிலில் முதற் கல் பெயர்ந்தது இப்படித்தான்.

கூத்துப் பழகுதல் மாதக்கணக்கான உழைப்பு. தன் பாட்டைப் பாடி முடித்தவன் போய்விட முடியாது. மற்றவனுக்குப் பிற்பாட்டுப் பாட நிற்க வேண்டும். அரசனாக ஆடுபவனும் ஏவலாளனாக ஆடுபவனும் ஒரே தாளத்துக்கே கட்டுப்பட்டவர்கள். அரங்கேற்றத்தன்று ஒருவன் வராவிட்டால் எல்லாருடைய உழைப்பும் வீண். பொறுப்பு, பொறுமை, பிறர்க்கு இடங்கொடுத்தல் என்று நாம் மேடைகளிற் பேசுகின்ற குணங்களெல்லாம் இங்கே காலின் வழியாக உள்ளே ஏறுகின்றன.

கர்ணனும் இராவணனும்

பேராதனையில் அவர் தம் மாணவரைக் கொண்டு தயாரித்த கூத்துக்கள் நான்கு பெரும் புகழ் பெற்றன. 1962இற் கர்ணன் போர், அடுத்து நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், 1968இல் வாலிவதை. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி ஆட்டங்களே இவற்றுக்கு அடிப்படை. இரவு முழுதும் வட்டக்களரியில் ஆடிய கூத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு ஏற்ப அமைத்தார். மீண்டும் மீண்டும் வரும் பாட்டுக்களைக் குறைத்து, பாத்திரங்களின் உள்ளப் போராட்டம் தெளியும்படி செய்தார். இக்கூத்துக்கள் யாழ்ப்பாணத்திலும் பிற ஊர்களிலும் ஆடப்பட்டன. பல்கலைக்கழக மாணவர் சதங்கை கட்டி மேடையிலே துள்ளி ஆடியதைக் கண்ட பெற்றோருக்கு, கூத்துப் பற்றிய பழைய எண்ணம் அசைந்தது.

கர்ணன் கதையை நாம் அறிவோம். தேரோட்டி மகன் என்று சபையில் இகழப்பட்டவன். பிறப்பினால் அளக்கப்பட்டு, கொடையினால் உயர்ந்தவன். அந்த வேடத்தை ஏற்று ஆடும் இளைஞன் ஒவ்வோர் இரவும் அந்த இகழ்ச்சியைத் தன் மேல் ஏற்க வேண்டும். பிறப்பைக் காட்டி ஒருவனைத் தாழ்த்துவது எப்படிச் சுடும் என்பதைப் புத்தகத்தில் வாசித்து அறிவது ஒன்று; அரிதாரத்தோடு நின்று அனுபவிப்பது வேறு. இராவணேசனும் அத்தகையதே. பகைவன் என்று நாம் பழகிய ஒருவனுடைய வீரத்தையும் துயரத்தையும் ஆடுபவன் தன் மார்பில் தாங்க வேண்டும். பிறர் உள்ளத்துட் புகுந்து பார்க்கும் இப்பழக்கத்தை வேறு எந்தப் பாடம் இவ்வளவு விரைவிற் கற்பிக்கும்?

இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. மட்டக்களப்பைச் சேர்ந்த அவர் பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதியாகி, கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய், பல தலைமுறை மாணவரைக் கூத்தில் ஈடுபடுத்தினார். கூத்தாடினாற் படிப்புக் கெடும் என்பார்க்கு இவ்வொரு சான்றே போதும்.

குறை கூறியோரும் வழி தொடர்ந்தோரும்

வித்தியானந்தனின் பணியைக் குறை கூறியோரும் உளர். களரியைச் சுற்றி நான்கு புறமும் மக்கள் இருந்து, ஆடுவோருடன் ஒன்றி விடியும்வரை அனுபவித்த கூத்தை அவர் பட்டணத்து மேடைக்காகச் சுருக்கிவிட்டார் என்றனர் சிலர். வடிவம் புதிதானாலும் பொருள் பழைய புராணமாகவே இருக்கின்றதே என்றனர் வேறு சிலர். இவ்விரு குறைகளிலும் உண்மை உண்டு என்றே நாம் கருதுகின்றோம். கிராமத்துக் களரியின் உறவை மேடை முழுவதும் தரமாட்டாது. ஆனால் அவர் அன்று எடுத்து வைத்திராவிட்டால், இன்று குறை கூறுவதற்குக்கூடக் கூத்துப் படித்தோர் மத்தியில் இருந்திராது.

இரண்டாவது குறைக்கு அவருடைய அடுத்த தலைமுறையினரே விடை தந்தனர். 1968இல், அவர் பிறந்த ஊருக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கோயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டுப் போராடினர். மறு ஆண்டில் அந்தப் போராட்டத்தின் சூட்டோடு கந்தன் கருணை என்னும் நாடகம் கூத்து முறையில் எழுந்து ஊரூராய் ஆடப்பட்டது. மௌனகுருவின் சங்காரமும் 1969இல் அதே வடிவத்தில் மேடையேறியது. பேராசிரியர் மீட்டெடுத்த ஆட்டமும் பாட்டும் மூடிய கோயிற் கதவுகளைத் தட்டும் கைகளாயின. இந்து இளைஞராகிய நாம் இதை மறைத்துக் கடந்து செல்லலாகாது. கந்தன் சந்நிதி யாவர்க்கும் உரியதென்று நம் பெரியோர் சிலருக்கு மேடையின் வழியாகவே உணர்த்த வேண்டியிருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை.

பெரிய மேடை

1974 சனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. கொழும்பிலே நடத்த வேண்டும் என்ற அரசாங்கத்தின் வற்புறுத்தலுக்கு இணங்காது, யாழ்ப்பாணத்திலேயே நடத்தும் குழுவுக்கு வித்தியானந்தன் தலைமை தாங்கினார். ஊர் முழுதும் வாழையுந் தோரணமும் கட்டி மக்கள் அதைத் தம் வீட்டு விழாவாகக் கொண்டாடினர். இறுதியில் சனவரி 10ஆந் திகதி இரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடியிருந்த மக்கள் மேற் பொலிசார் நடவடிக்கை எடுத்தபோது உயிர்கள் பலியாயின. அந்தத் துயரம் அவரோடு இறுதிவரை இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எதிர்ப்புக்கும் நெருக்கடிக்கும் இடையில் பலரையும் ஒன்றுசேர்த்து ஒரு பெருங் காரியத்தை நடத்திய உறுதிக்கு, ஒத்திகைக் கூடங்களில் அவர் கழித்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்று நாம் எண்ணுகின்றோம்.

1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார். சேர் பொன். இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் திருநெல்வேலி வளவிலே 1974இல் தொடங்கப்பட்ட வளாகம் அது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதலாவது துணைவேந்தராக அமர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பொறுப்பைத் தாங்கினார். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1983இல் இனக்கலவரம் மூண்டு போர் விரிந்தது. அக்கொடிய காலத்திலும் மாணவர் மேடை அணையவில்லை. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியரைப் பல்கலைக்கழக மாணவர் ஊரூராய்ச் சென்று நடித்தனர். வாய்விட்டு அழவும் அஞ்சிய மக்கள் தம் துயரை மேடையிற் கண்டனர். கணபதிப்பிள்ளை ஏற்றி, வித்தியானந்தன் கைமாற்றிய விளக்கு இவ்வாறு மூன்றாம் தலைமுறையின் கையிலும் எரிந்தது.

1989ஆம் ஆண்டு சனவரி 21ஆந் திகதி அவர் இவ்வுலகை நீத்தார். அடுத்த ஆண்டிற் போர் அவருடைய வீமன்காமத்தையும் விட்டு வைக்கவில்லை. மக்கள் வீடு வாசல் விட்டு அகன்றனர். மண் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கிடந்தது.

நாம் செய்யக் கூடியது

இன்று நாடகமும் அரங்கியலும் நம் பாடசாலைகளில் உயர்தரப் பரீட்சைக்குரிய பாடம். இது அவர் போன்றோர் உழைப்பின் பலன். ஆனாற் பரீட்சைக்குப் படித்த பிள்ளைக்குச் சதங்கையின் பாரம் தெரியாமற் போனால் அப்பாடம் ஏட்டுச் சுரைக்காயே. காலையும் மாலையும் தனியார் வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு ஒத்திகைக்கு நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்பர். பத்துப்பாட்டு ஆராய்ந்தவருக்கு நேரம் இருந்தது என்பதே நம் பணிவான மறுமொழி.

இளைஞர் அன்பர்களே, உங்கள் ஊரிலும் மத்தளத்தை உறையிட்டுக் கொடியிலே தொங்க விட்டிருக்கும் அண்ணாவியார் ஒருவர் இருக்கக்கூடும். அவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். அடுத்த ஆண்டு நம் சங்க விழாவில் ஒரு மணி நேரக் கூத்து ஒன்றை அவர் பழக்க நாம் ஆட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். சாதியும் குறிச்சியும் பாராது, ஆட விரும்பும் எல்லாப் பிள்ளைகளையும் அதிற் சேர்த்துக்கொள்வோம். பெரியோர்களே, உங்கள் பிள்ளை அன்று மேடையில் நடுங்கினால் நடுங்கட்டும். வசனம் மறந்தால் மறக்கட்டும். அடுத்தவன் தாளத்துக்குத் தன் காலை ஒத்து வைக்கப் பழகிய பிள்ளை, வாழ்க்கையிலும் தனித்துத் தடுமாறி நிற்காது.

தில்லையில் ஆடும் கூத்தப்பிரானை வணங்கும் நாம், கூத்தாடுவோரை இகழ்ந்து வாழ்ந்தது நெடுங்காலம். அப்பிழையைத் தம் வாழ்நாளால் திருத்த முயன்ற ஓர் ஆசிரியரை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்ந்து, அவர் வழியில் ஓரடியேனும் எடுத்து வைப்போமாக.